ஒரு சரை வேர்க்கொம்பு

6 ஆகஸ்ட் 1973, திங்கள்

சோளகக் காற்று. மேற்கு வேலி மறுபடி சரிவு. கிடுகு பத்துக் கட்டினேன், மிச்சம் நாளைக்கு. இருமல். சங்கக்கடை வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்றும் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் இல்லை.

பதினொரு மணியளவில் படலையில் ஒரு குடை. பூரணம்! ஐந்தாம் வகுப்புவரை என்னோடு ஒரே வாங்கில் படித்த பூரணம். நான் இரகசியப் பொலிசில் இருந்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்து நாலு வருஷம். என் மனைவி மேரியின் செத்தவீட்டுக்கு ஒருமுறை வந்தாள். மற்றபடி பஸ்ஸில் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"சவிரி, இவரைக் காணேல்லை. இண்டையோடை ஆறு நாள்."

இவர் என்றால் கந்தையா முதலாளி. தெற்கே மாத்தறையில் முப்பத்துநாலு வருஷம் பலசரக்குக் கடை. வருஷத்தில் இரண்டு கிழமை ஊர். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடையை உடைத்தார்கள். திரும்பிப் போய் மறுபடி தட்டு அடித்துக் கடை திறந்தார். போன தையில்தான் கடையை விற்றுவிட்டு ஒரேயடியாய் வந்து சேர்ந்தவர்.

"பொலிசுக்கு அறிவிச்சனீரோ?"

"அறிவிச்சால் பின்னேரத்துக்குள்ளை ஊர் முழுக்கக் கதை. தெற்கிலை ஆரும் ஒருத்தி இருக்கிறாளோ எண்டு இப்பவே ரண்டு பேர் சாடையாக் கேட்டிட்டினம். கொழும்பிலை மகளுக்கும் சொல்லேல்லை."

குடையை மடக்கிக்கொண்டு: "உயிரோடை இருக்கிறாரோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லும். விடியக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டால், பொட்டு வைக்கிறதோ விடுறதோ எண்டு விளங்கேல்லை."

ஓம் என்றேன். இனி இதில் பூ., க. என்று எழுதுவேன். பழைய பொலிஸ் கொப்பிப் பழக்கம்.

7 செவ்வாய்

பூ. வீடு. அறை பார்த்தேன்.

கொண்டுபோனது: குடை, உடுக்கச் சாரம் இரண்டு.
விட்டது: மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், புதுச் செருப்பு.

சாகப் போகிற மனிசனுக்கு மாற்றுச் சாரம் எதற்கு? அதைப் பூ.வுக்குச் சொன்னேன். கதிரையில் இருந்து அழுதாள். நான் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டில் மெத்தையில் ஒரு பக்கம்தான் பள்ளம். கேட்கக் கூச்சம், ஆனாலும் கேட்டேன். க. ஒருநாளும் கட்டிலில் படுக்கவில்லையாம். களஞ்சிய அறையில், நெல் மூட்டையில் தலை வைத்து. மாத்தறையில் கடை மேசைமேல் படுத்த பழக்கமாம். "எனக்கெண்டால் என்னைப் பிடிக்கேல்லை எண்டுதான் பட்டுது," என்றாள்.

வேறு: நாலு மணிக்கே எழும்பி வாசல் கூட்டித் தண்ணீர் தெளிப்பார். படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். போகிற வருகிற சனத்திடம், "என்ன வேணும்?" (இதைச் சொல்லும்போது அழுகைக்குள்ளேயே சிரித்துவிட்டாள்.) பிறகு ஒருநாள் குசினிக்குள் புகுந்து சீரகம், வெந்தயம், கடுகு என்று எல்லா ரின்னையும் இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார். பூ.வுக்கு வந்ததே கோபம். "இது கடையில்லை, வீடு" என்று கத்தினாளாம். அடுத்தநாள் ஆளில்லை.

என் குறிப்பு: வேறு பெண்? மாத்தறை. காணாமற்போன புருஷன்மாரை நான் கண்டுபிடித்ததெல்லாம் அநேகமாய் வேறு வீடுகளில்தான்.

தேத்தண்ணீர் தந்தாள், பனங்கட்டியோடு. உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்கும் என் பழக்கம் அவளுக்கு இன்னும் ஞாபகம்.

9 வியாழன்

தபாற்கந்தோர். மாத்தறையில் என்னோடு வேலை செய்த சார்ஜண்டுக்குத் தந்தி. வீட்டுக்குத் திரும்பி வேலி, மிச்சக் கிடுகு. சைக்கிள் பின் ரயரில் காற்று நிற்கவில்லை.

பின்னேரம் பூ. வீடு. சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் போனேன். சோக்குக்கட்டிக் கதை எழும்பியது. வாத்தியாரின் சோக்குக்கட்டி களவு போய் வகுப்பு முழுக்க முழங்காலில் நின்ற நாள். பூ. மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் சட்டைப்பையின் வாய் வெள்ளை வெளேரென்று இருந்திருக்கிறது. காட்டிக்கொடுக்கவில்லை. நான் கண்ட முதல் சி.ஐ.டி. அவள்தான்.

அந்த வயதுக்குப் பிறகு அவள் கோயிலடி, நான் தேவாலயத்தடி. எனக்கு ஆசை இருந்தது. வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் இரண்டு வீட்டிலும் தும்புத்தடியால் அடிதான் கிடைத்திருக்கும்.

11 சனி

தந்தி வந்தது. க. அங்கே வரவில்லை. பெண் எவரும் இல்லை, இருந்ததும் இல்லை. தெருவில் எல்லாரும் முதலாளி சுகமோ என்று கேட்கிறார்களாம்.

வாசித்ததும் மனம் தொங்கிப் போயிற்று. அவள் புருஷன் நல்லவன் என்று தெரிந்ததற்கு எனக்கு என்ன தொங்கல்? ஐம்பத்தொன்பது வயது. வெட்கம்.

பூ.வுக்கு வாசித்துக் காட்டினேன். "எனக்குத் தெரியும்," என்றாள். தெரியாது. தோள் இறங்கியதைக் கண்டேன்.

தெற்கு இல்லையென்றால் தீவுப் பக்கமோ என்று ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் விசாரித்தேன். எழுவைதீவு வள்ளக்கார அந்தோனி: "குடையோடை ஒரு ஐயாவை ஏத்தினனான். எழுவைதீவிலை கடை பூட்டிக் கிடக்குதாமே எண்டு வழிமுழுக்க அதே கேள்வி."

14 செவ்வாய்

எழுவைதீவு. காற்றால் இரண்டு நாள் ஓடாத வள்ளம், இன்றைக்கும் முழுக்க நனைவு. ஊர்காவற்றுறைக் கடைகளுக்கு வந்து திரும்பும் தீவுச் சனத்தோடு, ஓலைக் கடகமும் கையுமாய் நானும்.

கரையிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் பனைகளுக்கு நடுவே ஒரே ஒரு கடை, கிடுகுக் கூரை. மேசைக்குப் பின்னால் க. தராசுப் படியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டு. கண்ணாடி இல்லையே. என்னைப் பாராமலே, "என்ன வேணும்?"

"மல்லியும் வேர்க்கொம்பும். இருமல்," என்றேன்.

நிமிர்ந்தார். முகம் வெளுத்தது. மல்லியைப் போட்டு, வேர்க்கொம்பாய்க் காய்ந்த இஞ்சித் துண்டை வைத்து, பழைய பேப்பரில் சரை மடித்துத் தந்த பிறகுதான் வாய் திறந்தார். சரக்குக் கட்டும் கை நிற்கவில்லை அந்த மனிசனுக்கு.

"கடைக்காரன் காலிலை புண்ணோடை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலை. பாண் வரிசையிலை இந்தத் தீவுச் சனம் கதைச்சுது, உப்புக்கும் வள்ளம் ஏறவேண்டிக் கிடக்கெண்டு. வந்து கேட்டன், கடைத் திறப்பைத் தந்திட்டினம்."

"சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே?"

"என்னெண்டு சொல்லுறது? அங்கை நான் விருந்தாளி, இன்ஸ்பெக்டர். சீனி எங்கை கிடக்கெண்டும் தெரியாது. அவ தனிய ஒரு வீட்டைக் கட்டி ஆண்டவ. நான் போய் நிண்டு அவவின்ரை காலுக்கை தடக்குப்படுறன்."

பொட்டுக் கதையைச் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிசன் அந்தக் கோணத்தில் நினைத்தே பார்க்கவில்லை.

"ஐயோ. இண்டைக்கே சொல்லுங்கோ. இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. கோவிக்கவேண்டாமெண்டும் சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்றேன்.

ஐந்து மணிக்குப் பூ. வீடு. படலையிலேயே நின்றாள். "ஏதும் தகவல்?"

"இன்னும் இல்லை."

ஏன் சொன்னேன்? தெரியாது என்று எழுதினால் அதுவும் பொய். கண்டுபிடித்தாயிற்று என்றால் நாளைக்கு இந்தப் படலைக்கு எனக்கு என்ன வேலை?

தேத்தண்ணீர். ஆறரைவரை பள்ளிக்கூடத்துக் கதை. மூன்று முறை சிரித்தாள். எண்ணினேன்.

15 புதன்

பரலோக மாதா திருநாள். பூசைக்குப் போனேன், பொய்யை வைத்துக்கொண்டு நன்மை அப்பம் வாங்கவில்லை. சுவாமியார் பார்த்தார். மேரி இருந்தால் காதைத் திருகியிருப்பாள்.

பின்னேரம் பூ. வீடு. சொல்லவில்லை. மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் போக வெள்ளத்தில் நடந்ததும், அவளுடைய சிலேற்று அதற்குள் விழுந்ததும்தான் கதை. நான் பாய்ந்து எடுத்தேனாம். எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு இருக்கிறது. அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

16 வியாழன்

இருமல் கூடிவிட்டது. போனேன். சொல்லவில்லை. எத்தனை பேரை இருட்டறையில் இருத்தி, "உண்மையைச் சொல்லு" என்று மேசையில் தட்டியிருப்பேன். தூ.

17 வெள்ளி

காலை சைக்கிளில் அம்மன் கோயில் வீதியால் வந்தேன். பூ. வெளியே வந்துகொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் எல்லாரும் குங்குமத்தோடு. அவள் நெற்றியில் திருநீறு மட்டும். இரண்டு பேர் அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்தபடி போனாள்.

நான்தான் அழித்தேன் அந்தப் பொட்டை. மூன்று நாளாய்.

நேரே அவள் பின்னாலே வீட்டுக்குப் போனேன். கதிரையில் இருந்தேன். வாய் திறந்தால் இருமல். நிற்கவே இல்லை.

"மல்லித்தண்ணி வைச்சுத் தாறன். வீட்டிலை வேர்க்கொம்பு முடிஞ்சுது."

"என்ரை பையிலை கிடக்கு," என்று எடுத்து நீட்டினேன். செவ்வாய்க்கிழமைச் சரை, பிரிக்கவும் இல்லை. என் கைதான் உண்மை சொன்னது என்று எழுத ஆசை. இல்லை. யோசியாமல் நீட்டினேன், அவ்வளவுதான்.

வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூல் கட்டவில்லை, வாயை மூன்று மடிப்பு மடித்து, மூலையை உள்ளே செருகியிருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. பெரிய சி.ஐ.டி.!

"இது அவரின்ரை மடிப்பு."

மடிப்பு மூலையை விரலால் தடவினாள்.

"வருஷா வருஷம் சூட்கேஸ் நிறைய இப்பிடித்தான் மடிச்சுக் கொண்டு வருவார். மிளகு, ஏலம், சாதிக்காய். கட்டிலிலை வைச்சு ஒண்டொண்டாப் பிரிப்பன். எப்ப கண்டனீர்?"

"செவ்வாய்க்கிழமை. எழுவைதீவிலை. கடை வைச்சிருக்கிறார். சுகமாய் இருக்கிறார். உமக்குச் சொல்லச் சொன்னவர்."

"இண்டைக்கு வெள்ளி."

"ஓம்."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உள்ளே போனாள். கன நேரம். எழும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். மூக்குப்பேணியில் மல்லித்தண்ணியோடு வந்தாள். நெற்றியில் குங்குமம், கொஞ்சம் கோணல்.

"குடியும்."

குடித்தேன். காரம். கண்ணில் தண்ணீர்.

"வள்ளம் எத்தினை மணிக்கு?"

18 சனி

துறைமுகம்வரை கூட்டிக்கொண்டு போனேன். அவள் கொண்டுபோனது: பாய், தலையணை, சேலை மூன்று, வெந்தய ரின், க.வின் மூக்குக்கண்ணாடி. கோழிகளைப் பக்கத்து வீட்டில் விட்டாள்.

"கண்ணாடியில்லாமல் என்னத்தை நிறுக்கிறாரோ!" என்று அந்தோனிக்குச் சொன்னாள். எனக்கில்லை.

வள்ளத்தில் ஏறின பிறகு திரும்பினாள். "சவிரி. சோக்குக்கட்டி எடுத்த அண்டைக்கும் நீர் பையைத் தட்டிப்போட்டு வரேல்லை."

சிரித்தாளா? காற்று, வெயில், கண் கூசிற்று. நிச்சயமாய்த் தெரியவில்லை.

20 திங்கள்

காற்றுக் கொஞ்சம் குறைவு. வேலி முழுக்கக் கட்டி முடிந்தது. காலையில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். பாண் ஒரு றாத்தல் கிடைத்தது.

பின்னேரம் அந்தோனி படலையில். "கடையம்மா தந்துவிட்டவ, ஐயா. உங்கடை இருமலுக்காம்." ஒரு சரை.

"அவ எப்ப திரும்பி வாறாவாம்?"

"அதைக் கேக்கேல்லை. ரண்டுபேரும் மேசைக்குப் பின்னாலை நிண்டு, உப்பு எங்கை வைக்கிறதெண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கினம்."

மல்லியும் வேர்க்கொம்பும். மூன்று மடிப்பு, நூல் இல்லை. ஆனால் க.வின் கை இல்லை. மூலை சரியாய் உள்ளே போகவில்லை, இரண்டு தரம் பிரித்து மடித்த அடையாளம். பழகுகிறாள்.

இருமல் விடவில்லை. சரையை இன்னும் பிரிக்கவில்லை.