மூன்று சுற்று டேப்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், முதலில் அதுதான். இங்கே நானும் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அதற்குப் பெயர் நலம் என்றால் நலம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையை மட்டும் நானே எடுத்துக் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் மறுபடி வயரிங் வேலைக்குப் போகிறேன், மாடி வீட்டுக்காரர் மோட்டார் ஓடவில்லை என்றார், அதையும் பார்த்துக் கொடுத்தேன். தம்பி மலைக்குப் போய்த் திரும்பாமல் ஐம்பது நாள் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று உன் அத்தை நினைக்கிறாள் போலிருக்கிறது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது எனக்கு உடம்பு முழுவதும்.

போன வியாழக்கிழமை காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு அவன் சாமான்களைக் கொடுத்தார்கள். பர்ஸ், உடைந்த போன், ஒரு ஷூ, அப்புறம் நான் செய்து கொடுத்த டப்பா. உங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிதானே செய்தேன், பெப்பர்மின்ட் வந்த தகர டப்பாவில் விசில், மெழுகில் தோய்த்த தீக்குச்சி, பிளேடு, சின்னக் கண்ணாடி, தண்ணீரைச் சுத்தம் செய்கிற மாத்திரை என்று. சட்டைப் பைக்குள் ஒரு வீட்டையே மடித்து வைத்துவிட்டாரே என்று நீ கேலி செய்தாய். அவன் கேலி செய்யாமல் ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கொண்டு போனான். அங்கே வந்திருந்த வனக்காவலர் நல்ல மனிதர், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கால் முறிந்து அவன் கிடந்த பள்ளத்துக்கு மேலேயே தேடப் போனவர்கள் முதல் நாள் இரண்டு தடவை நடந்தார்களாம், பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். "ஒரு விசில் ஊதியிருந்தாக்கூட கேட்டிருக்கும் சார்" என்றார். டப்பா என் கையில்தான் இருந்தது, திறக்காமல்.

டப்பாவுக்குள் ஈரம் போகக் கூடாது என்று கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றியது நான்தான். ஒயருக்குச் சுற்றுவது மாதிரி இழுத்துச் சுற்றி, முனை எங்கே என்றே தெரியாதபடி நகத்தால் தேய்த்துவிடுவேன். நீங்க சுத்தினா கோடாலி கொண்டு வந்தாத்தான் பிரியும்ணே என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள், எனக்கு அதில் பெருமை வேறு. அவன் டப்பாவின் ஒரு மூலையில் டேப் சுரண்டப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் பல் பதிந்த தடம். அந்தக் குளிரில் விரல் மடங்கியிருக்காது. முதல் சுற்றில் பாதிதான் வந்திருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில் பிரித்தேன், எனக்கே நாலு நிமிஷம் ஆயிற்று. உள்ளே விசில் புதுசாக இருந்தது, ஒரு சொட்டு ஈரம் போகவில்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் நில அளவைக்கு என்று மாதம் இரண்டு தடவை நீயும் மலைக்குப் போகிறாய், உன்னிடமும் அதே டப்பா இருக்கிறது. இதைப் படித்த கையோடு டேப்பை உரித்துப் போடு. ஒரு ரப்பர் பேண்ட் போதும், நனைந்தால் நனையட்டும். விசிலை உள்ளே வைக்காதே, கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் திறந்து பார். வரவில்லை என்றால் டப்பாவைத் தூக்கி எறி, அப்பா கொடுத்தது என்று வைத்திருக்காதே. போனில் இதைப் பேச வேண்டாம், அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பாள். திறந்துவிட்டால் வேலை முடிஞ்சதுப்பா என்று மட்டும் சொல், எனக்குப் புரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக ஏறாதே. நீண்ட ஆயுளோடு இரு, இதைத் தவிர வேறெதுவும் உனக்காகக் கேட்கத் தோன்றவில்லை. உறையை நான் ஒட்டவில்லை, மடித்துச் செருகியிருக்கிறேன், வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா