செல்வம் என்று யாரும் இல்லை, அப்பா

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அப்பா,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. மார்சிலிங் வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் 'எல்லாரும்' என்றால் இப்போது அம்மாவும் நானும் மட்டும். போன வாரம் நம் அடுக்குமாடி புளோக் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. வந்த மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது பக்கத்து வீட்டு சித்ரா ஆன்ட்டி, "கதிரேசன் இருந்திருந்தா இந்நேரம் ஓட விட்டிருப்பாரு" என்றார். ஊரையே ஏற்றி இறக்கியவர் நீங்கள். உங்களை ஏமாற்றியவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எல்லாரும் படிக்கட்டும்.

லிஃப்ட் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் தேக்காவில், நம் கோவிலில் இருப்பீர்கள். அன்னதான வரிசையில் கரண்டியோடு நிற்பீர்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்து, துவாஸ் டார்ம் விடுதிகளில் தங்கி, அங்கே சாப்பிட வரும் அண்ணன்கள் எல்லாரிடமும் உங்கள் நம்பர் இருந்தது. விண்ணப்பப் பாரம் நிரப்ப, கிளினிக் கூட்டிப்போக, எதற்கும் நீங்கள்தான். போனில் "அண்ணே" என்று ஒரு குரல் கேட்டால் போதும், சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்துவிடுவீர்கள்.

"எனக்கும் ஒரு டோக்கன் கொடுங்கப்பா, என் நம்பர் எப்ப வருதுன்னு பாக்கறேன்" என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் பாதிதான் விளையாட்டாகக் கேட்டேன், அப்பா. மீதிப் பாதி உங்களுக்குக் கேட்கவே இல்லையா?

அதற்கடுத்த சனிக்கிழமை மத்தியானம், என் நண்பன் இர்ஃபான் வீட்டில் அவன் போனை வாங்கி உங்களை அழைத்தேன். பள்ளிக்கூடத்தில் பிரின்சிபாலையே பிரின்சிபால் மாதிரி பேசிக் குழப்பியவன் நான். உங்களைக் குழப்புவதா கஷ்டம்?

"அண்ணே, செல்வம் பேசறேண்ணே. துவாஸ்ல வேலை. கால்ல கம்பி குத்திருச்சுண்ணே. கம்பெனிக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்க."

"பதறாத தம்பி. ரத்தம் நின்னுச்சா? சாப்டியா?"

"இல்லண்ணே. துவாஸ் லிங்க் ஸ்டேஷன் பக்கம் உக்காந்திருக்கேன்."

"அங்கயே இரு. வர்றேன்."

ஒரு நிமிடத்தில் 'நான்தான்ப்பா' என்று சொல்வதாகத் திட்டம். அதற்குள் நீங்கள் வைத்துவிட்டீர்கள். உடனே திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு நீங்கள் கூப்பிட்டீர்கள். மறுபடியும், மறுபடியும் கூப்பிட்டீர்கள். "டேய், எடுத்து சொல்லிடு லா" என்றான் இர்ஃபான். எனக்குப் பயம் வந்துவிட்டது. போனை ஆஃப் செய்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். மழையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு பிரிக்காமல் இருந்தது. மூன்று விடுதி வாசலில் கேட்டுப் பார்த்தீர்களாம். "பாவம், பயந்துபோய் போனை ஆஃப் பண்ணிட்டான் போல. எங்க போய் விழுந்து கெடக்கானோ" என்றீர்கள். நான் போய்த் துண்டு எடுத்து வந்து கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

நீங்கள் கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே உளறியிருப்பேன். நீங்கள் கவலைப்பட்டீர்கள். கவலைப்படுகிறவரிடம் அது ஜோக் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு மாதம் போயிற்று. ஒருநாள் காலை வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

துக்கம் கழிந்து, போன மாதம் கோவிலுக்குப் போனோம். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு அம்மா பேரும் என் பேரும் சொன்னார். பிறகு தானாகவே, "செல்வம், அனுஷ நட்சத்திரம்" என்றார்.

"அனுஷம் அவரோடதாச்சே சாமி" என்றார் அம்மா.

"ஆமாம்மா. அந்தப் பையன் நட்சத்திரம் தெரியாதுன்னார். 'என்னோடதையே சொல்லுங்க, என் பேருக்குப் பதிலா அவன் பேரு இருக்கட்டும்'னு வாரா வாரம் இதான்."

எட்டு மாதமாக உங்கள் பேரில் ஓர் அர்ச்சனைகூட நடக்கவில்லை, அப்பா. உங்கள் இடத்தில், உங்கள் நட்சத்திரத்தில், நான் அவிழ்த்துவிட்ட பொய் உட்கார்ந்திருந்தது. உங்கள் பேரைச் சொல்லியிருந்தால்? அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கணக்குப் பாடத்தில் வராத கவனம் இதில் மட்டும் வருகிறது.

"உங்கப்பாக்குக் குரல் தெரியாமலா இருக்கும்? கண்டுபிடிச்சிருப்பாரு" என்று இர்ஃபான் தேற்றுகிறான். கண்டுபிடித்தவர் மழையில் மூன்று விடுதி ஏறி இறங்குவாரா?

அம்மாவுக்கு வேறொன்று தோன்றிவிட்டது. "துவாஸ்ல தொலைஞ்ச அந்தப் பையனை இவர் மறக்கவே இல்லை பாரு. அவனைக் கண்டுபிடிக்கணும்டா. அவர் முடிக்காம விட்ட வேலை அது ஒண்ணுதான்." அந்த ஞாயிற்றுக்கிழமையே அன்னதான வரிசையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் பாண்டி அண்ணன்தான் முன்னால் நின்றார். "அண்ணன் தேடுன ஆளுன்னா நாங்க விட்ருவமாக்கா?"

அன்றிலிருந்து அவரிடமிருந்து குரல் பதிவுகள் வந்தபடி இருக்கின்றன. "அக்கா, எங்க டார்ம்ல மூணு செல்வம் இருக்காங்க. ஒருத்தனுக்கும் கால்ல அடிபடலையாம். நாளைக்கு அடுத்த டார்ம்ல கேக்கறேன்." ஓவர்டைம் முடித்துவிட்டு, தூங்க வேண்டிய மனிதர்கள் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு உங்கள் ஒருவரை அலைய விட்டேன். இப்போது நாற்பது பேரை அலைய விடுகிறேன்.

இன்று காலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை நின்றது. எழுந்து போய்க் கை கழுவினார். அடிக்கத்தான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு அவர் நனைஞ்சு வந்தப்ப துண்டு எடுத்துக் கொடுத்தது யாரு?"

"நான்தான்ம்மா."

"அப்பவும் உனக்கு வாய் வரலையா?"

அம்மா திரும்ப வந்து உட்கார்ந்து, கீரைப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்கிட்ட சொல்லிட்ட. பாண்டிகிட்ட யாரு சொல்றது? நானா?"

நாளை ஞாயிற்றுக்கிழமை, அப்பா. நான் சொல்கிறேன். சாப்பிட உட்காரும் முன்பே, எல்லார் முன்னாலும், செல்வம் என்று யாரும் இல்லை, அது நான்தான் என்று சொல்கிறேன். சிரிக்க வைக்கிற மாதிரி ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன். பிறகு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பேன். அவர்கள் என் கையால் வாங்கிக்கொள்வார்களா என்று தெரியவில்லை. தட்டை நகர்த்திக்கொண்டு போனாலும், கடைசி ஆள் போகும்வரை நிற்பேன்.

உங்கள் ஒரே மகன்,
கார்த்தி