மாமா வீட்டுக் கதவு

அன்புள்ள சில்லுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. அது மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் எதைக் கேட்டாலும் "ம்" என்று மட்டும் சொல்கிறவளின் சுகத்தை வேறு எப்படித் தெரிந்துகொள்வது? அதனால்தான் கடிதம். இதில் நடுவில் புகுந்து "சரிம்மா, வெச்சிடறேன்" என்று நீ சொல்ல முடியாது. இது உன் மாமாவைப் பற்றிய கடிதம். ஐயோ என்று மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி, வயிறு குளிரும். ஆபீஸ் நாற்காலியில் முதுகு வலிக்கிறது என்றாயே, ஒரு சின்னத் தலையணையை மடித்து இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு படி.

நடந்தது உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதினால்தான் எனக்குச் சூடு ஏறும். நம் வீட்டில் இடம் இல்லையென்று என் அண்ணனின் கார் பெயின்ட் பட்டறையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, ஒரு மேஜை மேல் நீ அந்த மலை நகர மாடலைச் செய்தாய். படிப்படியாக ஏறும் தெருக்கள், பல் குத்தும் குச்சியில் வேலிகள், குளிக்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சை ஏற்றிய புதர்கள், நாம் குடித்து மிஞ்சிய டீத்தூளைக் காயவைத்துத் தூவிய மண் பாதை. மறுநாள் கண்காட்சிக்கு எடுத்துப்போக வண்டிகூடச் சொல்லியாகிவிட்டது. யாரோ ஒருவருடைய கார் வந்தது என்று உன் மாமா அதைத் தூக்கி வெட்ட வெளியில் வைத்தார். மழை கொட்டியது. தெர்மோகோல் மலை பெயர்ந்து, அட்டை ஊறி, பிளாஸ்டர் கரைந்து, ரம்பத்தூள் புல்லெல்லாம் சாக்கடைக்குப் போனது. நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் மாமாவோ கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "தெர்மோகோல்தானே, போனா போகுது, வேற ஒண்ணு ஒட்டிக்க" என்றார். இடம் கொடுத்தவர் அவர், மழை பெய்தது வானம், இதில் தன் தப்பு என்ன என்று வேறு கேட்டார். நீ தூரிகைகளைக் கழுவிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாய். பிறகு ஊரை விட்டே போனாய். அன்றைக்கு நான் மனசில் ஒன்று முடிந்து வைத்தேன். என்றைக்காவது இந்த மனுஷன் வாயிலேயே அந்த வார்த்தையைத் திருப்பித் திணிக்க வேண்டும்.

நீ போன பிறகு கோபம் இருந்தது, கை சும்மா இருந்தது. பெட்டியைத் திறந்தேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு எதிரே உட்கார்ந்து பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்த வருஷங்கள் வீண் போகவில்லை. சூட்டுக் கம்பியால் தெர்மோகோலை அறுக்கவும், அலுமினியத் தாளைக் கசக்கி அழுத்திக் கல் சுவர் மாதிரி ஆக்கவும் என் கை தானாகவே பழகிவிட்டது. நீ எட்டாம் வகுப்பில் உருக்கிய அந்தக் கிணறு நினைவிருக்கிறதா? வெறும் தெர்மோகோல் மேல் ஸ்ப்ரே அடித்து, அது நம் கண் முன்னாலேயே அரித்துப்போய் ஓட்டையானதும், அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை. அதற்கப்புறம் வெள்ளைப் பசையில் கறுப்பு பெயின்ட் கலந்து இரண்டு தடவை பூசிக் காயவிடாமல் ஸ்ப்ரே டப்பாவை நான் தொட்டால்கூடக் கத்துவாய். அந்தப் பாடத்தை நான் மறக்கவே இல்லை.

விளையாட்டுக் கடை தாடிக்காரர் ஒருநாள் வந்து, நீ செய்த பழைய மாடல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். வாரக் கடைசியில் அவர் கடையில் மேஜை போட்டு, பகடை உருட்டி, பொம்மை வீரர்களை வைத்துச் சண்டை விளையாடுகிறவர்களுக்கு ஓர் அரக்க ராஜாவின் மாளிகை வேண்டுமாம், "பார்த்ததும் இடிக்கணும்னு தோணணும்" என்றார். அப்படி ஒரு வீட்டைத்தான் நான் தினமும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேனே! உன் மாமா வீட்டை அப்படியே இறக்கிவைத்தேன். முன்சுவரில் மூன்று தினுசு டைல்ஸ், கண்ணாடித் தடுப்புப் போட்ட பால்கனி, வாசலில் இரண்டு சிங்கம், அதில் ஒன்றின் மூக்கில் வழிந்து காய்ந்த பெயின்ட் சொட்டு உட்பட. வாராவாரம் விரல் நீளப் பொம்மை வீரர்கள் அதற்குள் புகுந்து சூறையாடினார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பெட்டி பெட்டியாகத் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பேன். அப்பா முதலில் இதென்ன பைத்தியம் என்றார், பிறகு அவரும் கம்பியை முறுக்கிப் பட்ட மரம் செய்துகொடுத்தார்.

விஷயம் மாமா காதுக்குப் போயிற்று. கடைக்கே கிளம்பி வந்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி நான் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. மனுஷன் மேஜையை மூன்று சுற்று சுற்றி வந்து, "என் வீடு! சிங்கம்கூட அச்சு அசல்!" என்று பூரித்துப்போனார். இங்கே அரக்க ராஜா குடியிருக்கிறான் என்று தாடிக்காரர் பயந்து பயந்து சொன்னதற்கு, "ராஜாதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அதற்குமேல் என்னைப் பார்த்து, பட்டறை முன்னறையில் வைக்க இதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும், வருகிற ஆளெல்லாம் வாயைப் பிளக்க வேண்டும் என்றார். உன் மலை நகரம் கரைந்த அதே பட்டறை, சில்லு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் வாய் மட்டும், சரி அண்ணா என்றது.

மனசறிந்து நன்றாகவே செய்தேன். குறை வைத்துச் செய்தால் அது உனக்கு அவமானம். பால்கனிக் கண்ணாடித் தடுப்பு ஒவ்வொன்றும் தனித்தனி, படிக்கட்டில் தேய்ந்த ஓரம்கூட உண்டு, வாசல் கதவு மட்டும் ஐஸ் குச்சிகளை இழைத்துச் செய்தது. எல்லாம் முடிந்தது, கலர்தான் பாக்கி என்று சொல்லி அனுப்பினேன். பொய் இல்லை. நடுவில் பசை பூசுகிற வேலை ஒன்று பாக்கி என்பதை மட்டும் சொல்லவில்லை. கலர் என்று கேட்டால் உன் மாமாவுக்குக் கை அரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? நேரே பட்டறைக்கு எடுத்துவரச் சொன்னார். வேலையாட்களையெல்லாம் கூப்பிட்டு வட்டமாக நிற்க வைத்தார், அத்தையும் வந்தாள். காருக்கு அடிக்கிற வெள்ளை பெயின்ட்டையே ஸ்ப்ரே கன்னில் ஊற்றிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றார். அந்த நேரத்தில், உண்மையைச் சொல்கிறேன், என் மனசு கொஞ்சம் இளகிற்று. அவ்வளவு வேலை அதில் இருந்தது. "அண்ணா, அதுக்கு முன்னாடி ஒண்ணு" என்று வாயைத் திறந்தேன். "பெயின்ட்டப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தரியா? தள்ளி நில்லு" என்றார். தள்ளி நின்றேன்.

முதலில் ஒரு சின்ன இரைச்சல், நுரை அடங்குகிற மாதிரி. பிறகு பால்கனி குனிந்தது. உன் மாமா பெயின்ட் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னும் கிட்டே போய் அடித்தார். கூரை குழிந்தது, சிங்கங்களுக்கு முகம் போயிற்று, முன்சுவர் வெண்ணெய் மாதிரி வழிந்து உட்கார்ந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள், தோள் குலுங்கிய குலுங்கலைப் பார்த்தால் அழுகை இல்லை. உன் மாமா கன்னைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, எவ்வளவு நாள் உழைப்பு! என்ன ஆச்சு இதுக்கு?" என்றார். அப்போதுதான் நான் சொன்னேன். "தெர்மோகோல்தானே அண்ணா, போனா போகுது, வேற ஒண்ணு ஒட்டிக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு பார்வை தானாக அந்த மூலைக்குப் போயிற்று, உன் மேஜை கிடந்த மூலைக்கு. அந்த முகத்தை உனக்குக் காட்ட முடியவில்லையே என்பது ஒன்றுதான் என் குறை. தப்பு என்று அவர் வாய் சொல்லவில்லை, சொல்கிற வாயும் இல்லை அது. ஆனால் நீ போன பிறகு முதல் தடவையாக, உன் பெயரைச் சொல்லி, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். உங்களிடம் சொல்கிற அளவுக்கு நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்று அப்பா பெருமூச்சு விடுகிறார். சுடட்டும், நமக்கு நெருப்பு செலவில்லை. மாமா தூக்கி எறியச் சொன்ன மிச்சத்தைக் கோணியில் அள்ளிவந்து, இந்தத் தடவை ஒழுங்காகப் பசை பூசி, கரி நிறம் ஏற்றித் தாடிக்காரரிடம் கொடுத்தேன். டிராகன் நெருப்பு ஊதிய வீடு என்று இப்போது அதற்குத்தான் அடிதடி. கத்தியை வைத்து யார் செதுக்கினாலும் அந்த வழிசல் வராதாம்.

உனக்கு ஒரு குறையும் வராமல், கையும் கண்ணும் தெளிவாக, நீண்ட நாள் நன்றாக இரு. தலையை ஈரத்தோடு பின்னாதே. கடிதத்தோடு பார்சலில் உன் தூரிகைகளை அனுப்பியிருக்கிறேன், நுனி கலையாமல் சுற்றியிருக்கிறேன். கூடவே மாமா வீட்டு வாசல் கதவும் இருக்கிறது. ஐஸ் குச்சி என்பதால் பெயின்ட் அதை ஒன்றும் செய்யவில்லை. அடுத்து நீ ஒரு ஊர் கட்டும்போது, அதில் பன்றிக் கொட்டில் ஒன்று கட்டி அதற்கு இந்தக் கதவை மாட்டு. கட்டினதும் எனக்குப் படம் அனுப்பு. பசை காய்ந்த பிறகே ஸ்ப்ரே, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
மனசு பாதி ஆறிய,
உன் அம்மா