ஒன்பது தண்ணீரில் கழுவிய கோதுமை

ஸ்லோபோசியா,
அக்டோபர் 9

அன்பு மகள் ஸ்மராந்தாவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் கனடாக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன், முழங்கால் வலி இருக்கிறது, நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அப்பாவின் நாற்பதாம் நாள் முடிந்தது, ஊரில் பாதிப் பேர் வந்தார்கள், பாதிரியார் அப்பா பேரை ஒக்தாவியன் என்று சொல்லிப் படித்தபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டேன். அப்பாவின் கோதுமை விதையை அனுப்பினாயா என்று நீ போனில் மூன்று தடவை கேட்டாய். தபால் நிலையம் மூடியிருக்கிறது என்றேன், நல்ல உறை கிடைக்கவில்லை என்றேன், மூன்றாம் தடவை காது கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன். மூன்றும் பொய். விதை இல்லை ஸ்மராந்தா. நானூற்றுப் பதினேழு என்று அவர் நம்பர் போட்ட அந்தக் கோதுமையில் ஒரு மணி கூட இல்லை.

உனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்லி அழ எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் அவர் ஓய்வு பெற்ற வருஷம் அலமாரியைக் காலி செய்தபோது கோட்டுப் பையில் அந்தக் கோதுமையில் ஒரு பிடி போட்டுக்கொண்டு வந்தார், அதோடு நம் வீட்டுக் கொல்லை போயிற்று, என் தக்காளி போயிற்று. ஒவ்வொரு மே மாதமும் கதிர் பூக்கும்போது, நோயைத் தாங்குகிறதா என்று பார்க்க, பூஞ்சணத்தைத் தண்ணீரில் கரைத்து அடித்து, கதிருக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி விடுவார். பக்கத்து வீட்டு கிளிகோர், “ஊரே பயிருக்கு மருந்தடிக்குது, உங்க வீட்டுக்காரரு நோயைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறாரு” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பான். இந்த ஜூனில் பெய்த மழைக்கு அதே கிளிகோரின் வயலெல்லாம் முற்றுமுன்னே வெளுத்துப் போய், மணி சுருங்கி, ரோஸ் நிறத்தில் அதே பூஞ்சணம் பிடித்தது, பன்றிகள் கூட முகர்ந்துவிட்டுப் போயின. நம் கொல்லையில் நானூற்றுப் பதினேழு மட்டும் நின்றது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அப்பா என்னைப் பார்த்தவுடன் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார், கதிர் வெளுத்ததா என்றுதான் கேட்பார். நானே அறுத்து, அடித்து, கொண்டுபோய்க் காட்டினேன். பைக்குள் கையை விட்டு வெகுநேரம் வைத்திருந்தார். “பாப்பாவுக்கு அனுப்பிடு தேக்லா, அவ பாத்துக்குவா” என்றார்.

எலிக்குப் பயந்து அதைத் தலையணை உறையில் கட்டிச் சமையலறைக்குள் ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். நம்பர் எழுதிய சீட்டை அவர் எப்போதும் பைக்குள்தான் போடுவார், வெளியே ஒன்றும் எழுதமாட்டார். நாற்பதாம் நாளுக்கு, கோதுமையை ஒன்பது தண்ணீரில் கழுவிக் கொலீவா வேகவைக்க வந்த உன் ஸெனோவியா அத்தை, சந்தையில் நான் வாங்கி வைத்திருந்த கோதுமையை மேஜையில் கொட்டிப் பொறுக்கிப் பார்த்திருக்கிறாள், இந்த வருஷம் யாரிடம் நல்ல மணி இருக்கிறது, எல்லாம் சுருக்கம். நான் கோயிலுக்கு மெழுகுவர்த்தி கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பெரிய பாத்திரத்தில் கையை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். “சொத்தைக் கோதுமையையா என் தம்பிக்கு வைக்கிறது? நல்லவேளை, இதை ஒளிச்சு வெச்சிருந்தே, ஒரு மணி சுருங்கலையே! நாலாவது தண்ணி போகுது, இன்னும் அஞ்சுதான்” என்றாள். தலையணை உறை நாற்காலியில் கிடந்தது.

இதைத்தான் உனக்கு எழுத வேண்டும். அத்தைக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. அப்போதே சொல்லியிருந்தால் வடித்து, துணியில் பரப்பி உலர்த்தியிருக்கலாம். இருநூறு மணி போதும் அம்மா என்று நீ சொல்லியிருந்தாய், ஒரு கைப்பிடி அள்ளி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டிருந்தால் அத்தை கேட்டிருக்கவே மாட்டாள். நான் ஒன்பதாவது தண்ணீர் வரைக்கும் பக்கத்தில் நின்று செம்பு செம்பாக ஊற்றிக் கொடுத்தேன். கோபம் ஸ்மராந்தா, வேறொன்றும் இல்லை. பதினான்கு வருஷம் என்னைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார், நீயும் அதே கோதுமை ஆராய்ச்சி என்று கடல் தாண்டிப் போய்விட்டாய், போகட்டும், அவரோடேயே போகட்டும் என்று இருந்துவிட்டேன். அடுப்பில் கொதி வந்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது. மறுநாள் அறுப்பில் உதிர்ந்த மணி கிடைக்குமா என்று கொல்லையில் முட்டி போட்டுத் தேடினேன், கோழிகள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

சர்க்கரையும் வால்நட்டும் போட்டு எல்லோருக்கும் கொடுத்தோம், கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். கிளிகோர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, “இப்படி ஒரு கோதுமை நான் தின்னதில்லை, எங்கே வாங்கினீங்க?” என்றான். நானும் ஒரு கரண்டி சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. உன் அப்பா பதினான்கு வருஷத்தில் அதில் ஒரு மணியைக் கூட வாயில் போட்டுப் பார்த்ததில்லை, விதைக்குக் குறையும் என்பார்.

கோபம் வந்தால் திட்டு, போனை மட்டும் எடுக்காமல் இருந்துவிடாதே. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. கன்னி மாதாவும் உன் அப்பாவும் உனக்குத் துணை இருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், அவருடைய விதைக்கென்று அங்கே மண் நிரப்பி வைத்திருப்பதாகச் சொன்னாயே தொட்டிகள், அவற்றில் வேறு எதையாவது விதைத்துக்கொள்.

உன் அம்மா,
தேக்லா