பாறை ஓரத்து ஓக் கன்று

அன்பு மகளுக்கு,

உன் அத்தையோடு வாராவாரம் தொலைபேசியில் பேசுகிறாயாம். எனக்கு மூன்று வருடமாக ஒரு வார்த்தை இல்லை. இருக்கட்டும். நான் மன்னிப்புக் கேட்க எழுதவில்லை.

அந்த ஆகஸ்டு வறட்சியில் நீ நட்ட ஓக் கன்றுகள் இலையெல்லாம் உதிர்த்து நின்றன. "உழாதீங்கப்பா. தண்ணி இல்லாமத்தான் இலைய உதிர்த்திருக்கு, வேரு உசிரோட இருக்கு" என்றாய். "நாப்பது வருஷம் ஓக்கு மரத்துல தக்கை உரிச்சவனுக்குப் பாடம் எடுக்காதே, எல்லாம் செத்துப்போச்சு" என்றேன். காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும் என்று, வருடா வருடம் செய்வதுபோல டிராக்டரை வரவழைத்து மரங்களுக்கு அடியில் உழச் சொன்னேன். நீ நட்ட இருநூறு கன்றுகளில் ஒன்று தவிர எல்லாம் மண்ணோடு போயின. நீ அன்றே லிஸ்பனுக்கு பஸ் ஏறினாய்.

பாறை ஓரம், டிராக்டர் திரும்ப முடியாத இடத்தில், அந்த ஒன்று தப்பியிருக்கிறது. மழைக்குப் பிறகு அடியிலிருந்து துளிர்த்து இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்து எவரிஷ்டு பார்த்துவிட்டு, "என்ன ஓய், செத்துப்போச்சுன்னீரே, பொணம் துளிர் விடுதே!" என்று சிரித்தான். உழாமல் விட்டிருந்தால், மற்றவையும் இப்படித்தான் துளிர்த்திருக்கும்.

இந்த வருடமும் மழை இல்லை. அந்தக் கன்று மறுபடி மொட்டையாக நிற்கிறது. உழவு எப்போது என்று டிராக்டர்காரன் கேட்கிறான். என் மகள் வந்து சொல்லட்டும் என்றிருக்கிறேன்.

உன் அப்பா