குடோன் உப்பும் குழம்பு உப்பும்

இன்று காலை வேலூர் ஆஸ்பத்திரியில் என் கையில் அந்த ரப்பர் பட்டையைச் சுற்றிக் காற்று ஏற்றினார்கள். கை இறுகியதும் உங்கள் முகம்தான் ஞாபகம் வந்தது. முதல் தடவை உங்களுக்கு அதைக் கட்டியபோது, கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏற ஏற நீங்கள் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டீர்கள். "மூச்சு விடுங்கய்யா" என்று நர்சம்மா அதட்ட வேண்டியிருந்தது. எனக்கு ஒன்றும் இல்லையாம். தலைவலி வெயிலால் வந்ததாம். நம் மகள் நிம்மதியாகக் காட்பாடியில் ரயிலேறித் தூங்கிவிட்டாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆம்பூர் வரும்வரை உங்களோடு பேசிக்கொண்டு வந்தேன். அதில் பாதியையாவது எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தது வேறு எதற்கு?

தோல் பதனிடும் ஷாப்பில் நீங்கள் உப்புக் குடோனுக்கு மேஸ்திரி. பச்சைத் தோல் வண்டியில் வந்து இறங்கினால், அழுகுவதற்குள் விரித்து உப்புப் போட்டு அடுக்கியாக வேண்டும். பொழுது முழுக்க வெறுங்காலோடு உப்பில் நிற்பீர்கள், குனிவீர்கள், அடுக்குக்கு அடுக்கு ஓடுவீர்கள். பிறகு பாலாற்று மணலில் நடந்து வீட்டுக்கு வருவீர்கள். உள்ளங்கால் வெளுத்துப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். உங்கள் அப்பா, என் மாமா, அவரும் அதே குடோனில் இருந்தவர்தான். ஒருநாள் நண்பகலில் உங்கள் கண்ணெதிரே தோல் அடுக்குகளுக்கு நடுவே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அதிலிருந்து, "எங்கப்பன் வயசு வந்தா நானும் அப்டித்தான் போவேன்" என்பது உங்கள் வாய்ப்பாடாகிவிட்டது. நான் வாயைக் கழுவச் சொல்லித் திட்டுவேன். அந்த வயது நெருங்கியபோது உங்களுக்குத் தலை சுற்றத் தொடங்கியது. வேலூரில் பார்த்தால் ரத்தக் கொதிப்பு. அன்றைக்கு நான் பயந்ததை உங்களிடம் காட்டவேயில்லை.

"உப்பைக் கம்மி பண்ணுங்க. பாரம் எதுவும் தூக்காதீங்க. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க." லேடி டாக்டர் சொன்னது அவ்வளவுதான். மறுநாள் காலை நீங்கள் குடோனுக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தீர்கள்.

"முதலாளி சாயபுகிட்ட சொல்லிட்டேன். இனிமே குடோனுக்குப் போவல."

"ஏங்க?"

"உப்பைக் கம்மி பண்ணச் சொன்னாங்களே, நீ கேக்கல?"

நான் விழித்தேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாமே முழிக்கிற? ஆட்டுத் தோலு மேல உப்பப் போட்டா மறுநாளே உள்ள எறங்கிடுது. நான் இத்தினி வருசமா அதுலயே நிக்கிறேன். எனக்கும் தோலுதானே? தகரமா அடிச்சிருக்கு?"

நீங்கள் தொழில் தெரிந்தவர். குடோன் ஆட்கள் எல்லோரும் தத்தம் காலைப் பார்த்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றார்களாம். சாயபுவே "வாஸ்தவம்தான்" என்று தலையாட்டி அனுப்பி வைத்தாராம்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்த வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதனிடும் முன் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுப்பார்கள் அல்லவா? அதே முறைப்படி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, காலையும் மாலையும் தொட்டியில் இரண்டு காலையும் ஊறப்போட்டீர்கள். அடிக்கடி தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள். "எறங்குதுமே, கரிக்குது பாரு" என்று என்னையும் கூப்பிடுவீர்கள். நான் வரவில்லை. அந்த அளவுக்குப் பதிவிரதையாக இருக்க என்னால் முடியவில்லை.

தட்டில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. பழைய சோற்றுக்கு உப்புக்கண்டம், மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, எதற்கும் தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய். சும்மா உட்கார்ந்திருந்ததில் தொப்பை விழுந்தது. கோயில் படி ஏறினால் இரைத்தது. ஓட்டின் மேல் காக்கை கத்தினால் அதோடு சண்டைக்குப் போனீர்கள். நானோ, அடுப்படியில் இருந்தபடியே வாசல் பக்கம் காதை வைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் குடம் விழுந்தாலும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வருவேன். "இன்னா, செத்துட்டேனான்னு பாக்க வந்தியா?" என்பீர்கள். ஆமாம், அதற்குத்தான் வந்தேன்.

அடுத்த முறை வேலூருக்குப் போனபோது பாதரசம் முன்னைவிட மேலே ஏறி நின்றது. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"வேலைக்குப் போறீங்களா?"

"நீங்க சொன்ன அன்னிக்கே விட்டுட்டேம்மா."

"நானா சொன்னேன்?"

நீங்கள் உள்ளங்காலைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினீர்கள். "பாருங்கம்மா, வெளுப்பே இல்ல. நல்லா ஊறப்போட்டு எடுத்துட்டேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சரி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பழைய சோறு, உப்புக்கண்டம். கண்டம் நானே போட்டதும்மா." அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் என்ன பெருமை!

அவர் சிரிப்பை விட்டுவிட்டு நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, செத்த தோலுக்குத்தான் உப்பு அப்படி இறங்கும். உங்க தோல் உசிரோட இருக்கு. உங்களுக்கு உப்பு வாய் வழியாத்தான் போகுது. குனிஞ்சு நிமிர்ந்து, நடந்து செஞ்ச வேலை உங்களுக்கு நல்லதுதான் பண்ணிச்சு. அதை விட்டுட்டு, விட வேண்டியதைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. வேலைக்குப் போங்க, மூட்டை மட்டும் தூக்காதீங்க. சாயங்காலம் தினமும் நடங்க. தனியா வேணாம், அம்மாவையும் கூட்டிக்குங்க."

திரும்பும்போது ரயிலில், "என் தோலு உசுரோட இருக்குதாம்மே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

சாயபு மறுபேச்சில்லாமல் உங்களைச் சேர்த்துக்கொண்டார். உப்புக்கண்டச் சட்டியை நான் பக்கத்து வீட்டு எஸ்தரம்மாளிடம் கொடுத்தபோது, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் மாதிரி வாசல்வரை வந்து நின்றீர்கள். உப்பைக் குறைத்துப் புளியும் மிளகும் கூட்டி வைத்த குழம்பை, "வெந்நியில மொளகக் கரைச்சு வெச்சிருக்கா" என்று தெருவுக்கே சொன்னீர்கள். ஆனாலும் சாப்பிட்டீர்கள்.

நடப்பதுதான் பெரிய பாடு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு காரியமும் இல்லாமல் சேர்ந்து நடந்து போவதை நம் தெரு எங்கே பார்த்திருக்கிறது? வெட்கப்பட்டுக்கொண்டு கையில் காலி எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டீர்கள், கடைக்குப் போவதாக நினைக்கட்டும் என்று. எஸ்தரம்மாள் விடுவாளா? "தெனம் எண்ணெ வாங்கி இன்னாதான்மா பண்றீங்க, தலைக்கு ஊத்திக் குளிக்கிறீங்களா?" என்றாள். ஒரு வாரத்தில் புட்டியை விட்டுவிட்டோம்.

ஆற்று மணலில் நடந்த அந்த நடையில்தான் நாம் பேச ஆரம்பித்தோம். அதுவரை அரிசி தீர்ந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், இவ்வளவுதானே நம் பேச்சு? ஒருநாள் பாதி வழியில் நின்று மாமா விழுந்ததைச் சொன்னீர்கள். அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சாய்ந்தாராம். விளையாடுகிறார் என்று நினைத்து நீங்கள் சிரித்தீர்களாம். அதை யாரிடமும் சொன்னதில்லை என்றீர்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன், வெட்டவெளியில், யார் பார்த்தால் என்ன என்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநாளைக்குப் பிறகு அயர்ந்து தூங்கினீர்கள்.

பாதரசம் ஒரேயடியாக இறங்கிவிடவில்லை. மெல்ல மெல்லத்தான் இறங்கியது. டாக்டரம்மா "இப்படியே இருங்க, பயமில்லை" என்று சொன்ன அன்று நான் ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "நல்ல சேதி சொன்னா அழுவுறா பாரு" என்று நீங்கள் பேஜாரானீர்கள்.

மாமா இறந்த வயது வந்தது, கடந்தும் போனது. மகளுக்குக் கல்யாணம் செய்தோம், பேரனை மடியில் வைத்துக்கொண்டீர்கள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு படுத்தபோது நீங்கள் கிழவர். "எங்கப்பன் வயசுக்கு மேல இத்தினி வருசம். எல்லாம் ஜாஸ்திதாம்மே எனக்கு" என்றீர்கள்.

"எனக்குக் கம்மி" என்றேன்.

"உனக்கு எது கொடுத்தாலும் கம்மிதான்" என்று சிரித்தீர்கள். கொஞ்ச நேரம் பேரனைப் பற்றிப் பேசினீர்கள். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினீர்கள். விடியும்போது மூச்சு இல்லை.

ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, இன்னும் வருகிறது. ஆனால் நான் பயந்தபடி நீங்கள் விழவில்லை. பேச வேண்டியதைப் பேசி முடித்து, படுத்த இடத்தில் போனீர்கள். தனியாகிவிட்ட இந்த வீட்டில் நான் தினமும் தூங்கி எழுவது அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான்.