தங்கராசுக்குக் கொடுத்த துடுப்பு

3-8-94, புதன்

ஆடிக் காற்று. குளம் முழுக்க அலை. காலையில் ஐநூறு மீட்டர், ஆறு தடவை. படகில் மண்டியிட்டே வலது முழங்கால் காய்ப்பு வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய்.

ஆடிப்பெருக்கு, பதினெட்டு நோம்பி. அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். இரண்டோடு நிறுத்தினேன். "இன்னொண்ணு தின்னா படகு முழுகிப்போகுமா கண்ணு?" என்றாள். தங்கராசுக்கென்று நாலு தனியாக எடுத்துவைத்தாள். எனக்கும் அவனுக்கும் சண்டை என்று அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி.

ஞாயிறு தேர்வுப் போட்டி. ஒற்றையாள் படகில் நேஷனலுக்கு ஒரே இடம். வயது இருபத்தொன்பது, இனி அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கில்லை. ஆறு பேர். தங்கராசைத் தவிர மற்றவர்கள் கணக்கிலேயே இல்லை. இனி அவன் பெயரை முழுதாக எழுத வேண்டாம். த. போதும். மை மிச்சம்.

வாங்க: குளுக்கோஸ், முழங்காலுக்கு அடியில் வைக்க ஸ்பாஞ்சு, அப்பாவுக்குப் பொடி.

5-8-94, வெள்ளி

ஃபவுண்டரியில் முதல் ஷிப்ட். சாயங்காலம் குளம். த. வந்தான். "டேய் பழனி, இன்னும் எத்தன நாளைக்குடா?" என்றான்.

"சொல்லுங்க. ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்றேன். அவன் முகம் செத்துவிட்டது.

எட்டு வருடம் ஒரே படகில் துடுப்புப் போட்டோம், அவன் முன்னே, நான் பின்னே. வாடா போடாவைத் தவிர வேறு பேச்சே கிடையாது. இந்த ஊரில் நாய்க்குக்கூட 'ங்க' போடுவார்கள், அதனால் நான் அவனை என்ன செய்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி தருகிற மாஸ்டர்கூட, பழனிக்கு எத்தனை பணிவு என்கிறார். ஒரு வருடமாக இப்படித்தான். அவனுக்கு மட்டும் சுடும். சுடட்டும்.

போன வருடம் முழங்கால் வீங்கியதை அவனிடம் மட்டும்தான் சொன்னேன். தேர்வுக்காரர்களிடம் போய், "அவனுக்கு முட்டி போச்சுங்க" என்று சொல்லிப்போட்டு என் இடத்தில் அவன் நேஷனல் போனான். மூன்றாம் நாளே வீக்கம் வடிந்தது. மூன்று தடவை மாநிலத்தில் முதல் வந்த நான், அந்தப் போட்டி நடந்த அன்று அச்சில் இரும்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

7-8-94, ஞாயிறு

முடிந்தது.

படகை இறக்கும் முன் த.வின் துடுப்பில் விரிசல். நான்தான் முதலில் பார்த்தேன். பேசாமல் இருந்திருந்தால் பாதியில் முறிந்திருக்கும். அப்புறம் சாகிற வரைக்கும், துடுப்பு ஒடைஞ்சுதான் தோத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான். அந்தச் சாக்கும் அவனுக்கு மிச்சம் இருக்கக் கூடாது. என்னுடைய மாற்றுத் துடுப்பை நீட்டினேன். "ஒரே ஆசாரி செஞ்சதுங்க. ஒரு நூல் வித்தியாசம் இருக்காதுங்க." வாங்கிக்கொண்டான். மாஸ்டர் பெருந்தன்மை என்றார். மண்ணாங்கட்டி.

முந்நூறு மீட்டர் வரை அவன் முன்னால். எதிர்காற்று. எட்டு வருடம் பார்த்த முதுகு அது. இடது தோள் தாழ்ந்தால் மூச்சு தீர்ந்தது என்று அர்த்தம். தாழ்ந்தது. முந்தினேன். இரண்டு படகு நீளத்தில் ஜெயம்.

கரையில் துடுப்பைத் திருப்பித் தந்தான். "செஞ்சது தப்புடா. ஒருக்கா திட்டிப்போடுடா. வாயில வந்தபடி திட்டு."

நாக்கு நுனி வரைக்கும் 'டேய்' வந்துவிட்டது. விழுங்கினேன்.

"எதுக்குங்க திட்டோணும்? பார்த்துப் போய்ட்டு வாங்க."

ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதான். நான் துடுப்பைத் துடைத்து உறையில் போட்டேன். இதற்குத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன்.

வீட்டில் அம்மா தட்டு நிறையக் கச்சாயத்தோடு வந்தாள். தங்கராசு வரவில்லையா என்று கேட்டாள்.

"அவருக்கு ஏதோ வேலைங்களாம்" என்றேன்.

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அவரா?" என்றாள்.